எடின்பரோ பக்கத்துத் தோட்டம்

2025 ஆகஸ்ட் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணி. பெங்களூர் பீனியா மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டு முன்பு ஒரு சின்னத் தகராறு. எழுபத்திரண்டு வயதான அப்பாயி அதில் காலை வைக்க மாட்டேன் என்கிறார். மகன் கையைப் பிடித்து இழுக்கிறார். மேலே போய்விட்ட பேத்தி இறங்கி வந்து, "விடுங்கப்பா. அப்பாயி, நாம கல்லுப் படியிலயே போலாம்" என்று கூட்டிப் போகிறாள். அவள் தோளில் தொங்கும் பையைப் பாதுகாப்புச் சோதனையில் திறக்கச் சொல்கிறார்கள். முட்டை வடிவத்தில் ஒரு பந்து, அடியில் குமிழ் வைத்த ஒரு ஜோடி பூட்ஸ், பல்லில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் காப்பு, ஒரு டிபன் பாக்ஸ் நிறையப் புளியோதரை.

வீட்டில் நான்கு பேர். கிளம்பியது மூன்று பேர். அம்மா வரவில்லை என்பதைவிட வர மறுத்துவிட்டார் என்பதே சரி. ஒன்பதே நாளில் மகள் எடின்பரோவுக்கு விமானம் ஏற வேண்டும். ஸ்காட்லாந்தின் தலைநகரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் எரிசக்திப் பொறியியலில் ஓராண்டு எம்.எஸ்சி. "ஊருக்குப் போற நேரத்துல எவ மேலயாவது போய் விழுந்து தோள்பட்டைய முறிச்சுக்கிட்டு வந்து நில்லு. கட்டுப் போட்டுக்கிட்டே ஏரோப்ளேன் ஏறு" என்று முதல் நாள் இரவே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா ஒரு சமரசத்துக்கு வந்தார். தானும் கூடப் போவது, ஆட்டம் எல்லை மீறினால் பெண்ணை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. ரக்பியில் எல்லை எது என்று அவருக்குத் தெரியாது. இரண்டு வருடமாக மகள் ஆடுகிறாள். அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு ஐம்பது வயது. பீனியா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் சூப்பர்வைசர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் வேலையைத் திருப்பி அனுப்பும் ஆசாமி. மகளை வெளிநாட்டுக்குத் தயார் செய்வதையும் அப்படித்தான் செய்தார். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். முதல் பக்கத்தில் பணம்.

பணம் என்றால் கட்டணம், தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து ரூ. 38 லட்சம். முப்பதுக்கு நாற்பது சைட்டில் கட்டிய வீட்டை அடமானம் வைத்து வங்கிக் கடன் ரூ. 28 லட்சம். மிச்சத்துக்கு பி.எஃப்., அம்மாவின் சீட்டுப் பணம், அப்பாயியின் இரட்டை வடச் சங்கிலி. பிரிட்டிஷ் மாணவர் விசாவில் ஒரு விதி இருக்கிறது. சொந்தப் பணம் என்று காட்டுகிற தொகை கணக்கில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் கிடக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் போச்சு. அந்த நான்கு வாரமும் வீட்டில் யாரும் பெரிதாக மூச்சு விடவில்லை. எல்.ஐ.சி. பிரீமியத்துக்குக்கூட அப்பா அந்தக் கணக்கைத் தொடாமல் கூட வேலை செய்பவரிடம் கைமாற்று வாங்கினார். தினமும் காலையில் போனைத் திறந்து பணம் இருக்கிறதா என்று பார்ப்பார். எங்கே போய்விடும்? ஆனாலும் பார்ப்பார்.

பிறகு காசநோய்ப் பரிசோதனை. இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் எக்ஸ்ரே எடுத்துச் சான்றிதழ் காட்ட வேண்டும். அப்புறம் சுகாதாரக் கட்டணம். 2024 பிப்ரவரியிலிருந்து மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. விசாவோடு சேர்த்து முன்கூட்டியே கட்டியாக வேண்டும். கட்டிவிட்டால் அங்கே அரசு மருத்துவமனையில் உள்ளூர்க்காரர்களைப் போலவே சிகிச்சை பெறலாம். அதைக் கேட்ட அம்மா, "அப்ப அங்க போய் கை கால ஒடச்சுக்கடி, காசு கட்டியாச்சு. இங்க வேணாம்" என்றார். வீட்டில் அன்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒத்திகை. சட்டைக்குப் பொத்தான் தைப்பது, ரசம் வைப்பது, வங்கியில் படிவம் நிரப்புவது. எதிரே டிக் போடக் கட்டங்கள். "தனியா இருக்குறது" என்று ஒரு வரியும் இருந்தது. அதற்கு எப்படி ஒத்திகை பார்ப்பது என்று தெரியாததால் டிக் விழவில்லை.

பீனியாவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை பச்சைத் தடம். அங்கே மாறி, ஆகஸ்ட் 10ஆம் தேதி திறக்கப்பட்ட மஞ்சள் தடத்தில் பொம்மசந்திரா பக்கம். புதுத் தடத்தில் ரயில்கள் குறைவு. 25 நிமிடத்துக்கு ஒன்று. காத்திருந்த நேரத்தில் மகள் அப்பாவுக்குப் பாடம் எடுத்தாள். இது ஏழு பேர் ஆடும் ரக்பி. பாதிக்கு ஏழு நிமிடம், நடுவில் இரண்டு நிமிட இடைவேளை. பந்தோடு ஓடி எதிரியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் 'டிரை', ஐந்து புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் இன்னும் இரண்டு. பந்தைக் கையால் முன்பக்கம் எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான்.

"முன்னாடி போகணும், ஆனா பின்னாடிதான் எறியணுமா? என்ன ஆட்டம் இது?" என்றார் அப்பா.

இந்தியாவுக்கு இந்த ஆட்டம் புதிது அல்ல. 1872 கிறிஸ்துமஸ் தினத்தன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் இருபது பேர் ஒரு பக்கம், இருபது பேர் மறு பக்கம் என்று மோதினார்கள். ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள். எதிரே ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள். உடனே கிளப் பிறந்தது. ஆனால் வங்காளத்து வெயில் ஒத்துவரவில்லை. டென்னிஸும் போலோவும் ஆட்களை இழுத்துக்கொண்டன. இலவச மது நின்றதும் ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. 1878இல் கிளப்பைக் கலைத்தபோது வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். மூடியில் யானை, கைப்பிடிக்கு மூன்று நாகங்கள். அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் ஆண்டுதோறும் மோதுகின்றன. முதல் மோதல் 1879இல் எடின்பரோவில். யாருக்கும் வெற்றி இல்லை. 1988இல் இரு அணியிலும் ஒவ்வொரு ஆட்டக்காரர் இரவு அதே எடின்பரோ தெருவில் கோப்பையைப் பந்தாக உதைத்து நசுக்கினார்கள். நம் ஊர் வெள்ளி ரூபாய் பட்ட பாடு அது.

இன்றைய இந்திய ரக்பியின் முகம் வேறு. கல்கத்தாவின் ஜங்கிள் குரோஸ் அணியைத் தொடங்கியவர் பால் வால்ஷ் என்ற முன்னாள் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி. ஆடியவர்கள் குடிசைப் பகுதிச் சிறுவர்கள். பெண்கள் கதை இன்னும் சுவாரசியம். பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் இந்தியப் பெண்கள் முதல் சர்வதேச ஆட்டம் ஆடியது 2018இல்தான். கேப்டன் புனேயைச் சேர்ந்த வாபிஸ் பருச்சா; தொழிலால் பிசியோதெரபிஸ்ட். அடுத்த ஆண்டே மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றார்கள். கடைசி நேரத்தில் பெனால்டியை உதைத்து வெற்றி தந்தவர் ஒடிசாவின் பழங்குடி மாணவர்களுக்கான பள்ளியில் படித்த சுமித்ரா நாயக். 2025 ஜூனில் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. பெங்களூர் பெயரிலும் ஓர் அணி உண்டு. கோப்பையை வென்றது சென்னை புல்ஸ். ஆனால் அது ஆண்களுக்கு மட்டும். மகள் டி.வி.யில் பார்த்தாள். அவள் ஆடும் அணிக்கு ஜெர்சி வாங்க ஆளுக்கு 600 ரூபாய் போட்டார்கள்.

ஒரு பள்ளி மைதானம். இரவு மழை பெய்து செம்மண் குழைந்திருக்கிறது. ஓரத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஐஸ் பெட்டி. பெண்கள் பிரிவில் ஆறு அணிகள். மகளின் அணியில் ஒரு மணிப்பூர்ப் பெண், அழகு நிலையத்தில் வேலை. ஒருத்தி குடகு, இருவர் மென்பொருள். ஒடிசாவிலிருந்து நர்சிங் படிக்க வந்தவள் ஒருத்தி. தமிழ், கன்னடம், இந்தி மூன்றும் கலந்த ஒரு மொழியில் திட்டிக்கொள்கிறார்கள். மகள் இடுப்பளவு உயரமுள்ள ஒருத்தியைப் போல நடுவில் குனிந்து நிற்கிறாள்; அவள் வேலை பந்தைக் கிளப்பி எறிவது. கம்பத்துக்கு உதைப்பதும் அவளே.

முதல் ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் அப்பா எழுந்து நின்றுவிட்டார். மூன்று பெண்கள் சேர்ந்து அவர் மகளைத் தரையோடு தேய்த்தார்கள். பந்து அவள் கையிலிருந்து நழுவி முன்னால் உருண்டது. இன்னொருத்தி எடுத்து ஓடினாள். அப்போதுதான் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நாக்கான்! நாக்கான்! ஊதுய்யா, பந்து முன்னாடி போச்சு!"

நடுவர் ஊதினார். அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அப்பாயி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மைதானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். 'நாக் ஆன்' என்றால் பந்து கை தவறி முன்னால் விழுந்த குற்றம். அன்று காலை மெட்ரோவில் மகள் சொல்லாமல் விட்டது அது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இது ரக்கர் தானே? இதப் போயி ரக்பி ரக்பினு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நான் என்னமோனு நெனச்சேன்."

இலங்கையின் மலைநாட்டில், நுவரெலியாவுக்குக் கீழே நானுஓயா பக்கம் ரதல்ல என்று ஓர் இடம். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே தட்டுப் போல ஒரு மைதானம். திம்புள்ள தோட்டத் துரைமார்களின் கிளப். அப்பாயியின் அப்பாவுக்கு அந்த மைதானத்தில் உருளை இழுக்கிற வேலை. சனிக்கிழமை துரைமார் ரக்கர் ஆடுவார்கள். லயத்துப் பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது. மேலே தேயிலைக்குள் ஒளிந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். சின்னதுரை சேற்றில் விழுவதைப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு தனி சந்தோஷம். வாரம் முழுக்க பிரட்டுக்களத்தில் அதட்டுகிறவர் மல்லாந்து கிடப்பார். பார்த்துப் பார்த்து விதிகள் மனப்பாடம். அதைத்தான் ஐம்பது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். யாரும் கேட்கவும் இல்லை.

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்களாக இருந்த தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். அப்பாயிக்குக் கண்டியில் இந்திய பாஸ்போர்ட் கிடைத்தது. 1973இல், இருபது வயதில், கல்யாணமாகி எட்டு மாதத்தில் நானுஓயாவில் ரயில் ஏறினார். அப்படிக் கிளம்பிய ரயில்களுக்கு மலைநாட்டில் அழுகைக் கோச்சி என்றே பெயர். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப். அங்கிருந்து அனுப்பிய இடம் தமிழ்நாடுகூட இல்லை, கர்நாடகத்தின் சுள்ளியா. வன வளர்ச்சிக் கழகத்தின் ரப்பர்த் தோட்டம். தேயிலை கிள்ளிய கை ரப்பர் மரம் வெட்டப் பழகியது. மகன் பிறந்தது அங்கேதான். ஐ.டி.ஐ. முடித்து பெங்களூர் வந்தவர் அவர்.

ஆக, அந்தக் குடும்பத்தில் வெளிநாடு போன முதல் ஆள் பேத்தி அல்ல. அப்பாயி எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போனார் என்பதுதான் குழப்பம். பிறந்த ஊரை விட்டு, பார்த்தே இராத 'சொந்த நாட்டுக்கு'ப் போனவர். அவருக்கு யாரும் நோட்டுப் போடவில்லை. அம்மியை எடுத்து வரக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள் என்கிறார்.

இடைவேளையில் பேத்தி சேறும் வேர்வையுமாக வந்து தண்ணீர் குடித்தாள். அப்பாயி கேட்டார்: "ஏண்டி, நீ போற ஊரு பேரு என்ன சொன்ன?"

"எடின்பரோ, அப்பாயி."

"நானுஓயாவுக்குப் பக்கத்துல எடின்பரோ தோட்டம்னு ஒண்ணு இருக்கு. எங்க சின்னம்மாவ அங்கதான் கட்டிக் குடுத்தாங்க. அங்கயா போற?"

சிரிப்பதா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த துரைமார்கள் தங்கள் ஊர்ப் பெயர்களைத் தேயிலை மலைக்குச் சூட்டியிருந்தார்கள். இலங்கையில் தேயிலையை வணிகப் பயிராக முதலில் வளர்த்த ஜேம்ஸ் டெய்லரே ஸ்காட்லாந்துக்காரர்தான், 1867இல் லூல்கந்துரையில். அப்பாயிக்கு எடின்பரோ என்றால் முதலில் தோட்டம், பிறகுதான் ஊர்.

அரையிறுதி மதியம் இரண்டு மணிக்கு. எதிரணியில் எல்லோரும் ஒரு சுற்று பெரியவர்கள். முதல் பாதி முடிவில் 5-7. இரண்டாம் பாதியில் மணிப்பூர்ப் பெண் ஓரக்கோட்டை ஒட்டி ஓடிய ஓட்டத்துக்கு ஷாமியானாவே எழுந்து நின்றது. 10-7. கம்பத்துக்கு உதைக்க வேண்டிய பந்தை மகள் இடதுபக்கம் தள்ளிவிட்டாள். முதல் டிரைக்குப் பிறகும் அப்படித்தான். எழுவர் ரக்பியில் பந்தைத் தரையில் நிறுத்தி உதைக்க முடியாது. கையிலிருந்து விட்டு, அது தரையில் பட்டு எழும்போது உதைக்க வேண்டும். சேற்றில் பந்து எழவே இல்லை.

ஒன்றரை நிமிடம் மிச்சம். எதிரணி ஓரத்தில் புகுந்து கோட்டைத் தாண்டியது. 10-12. அடுத்த பந்தை மகள் எடுத்து ஓடினாள். எதிரே வந்தவள் இடுப்பில் மோதி அப்படியே தூக்கிப் போட்டாள். மகள் எழவில்லை.

அப்பா கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டார். நடுவர் கையைக் காட்டித் தடுத்தார். பின்னாலிருந்து சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். அப்பாயிதான். "இரு. எந்திரிப்பா. ஓடுனா அவளுக்குத்தான் அவமானம்." எழுபத்திரண்டு வயதில் அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க முடியும் என்று அவர் நினைக்கவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடத்தில் வீட்டு அடமானம், 28 நாள், எக்ஸ்ரே, விமான டிக்கெட் எதுவும் ஞாபகம் வரவில்லை என்று பிறகு மனைவியிடம் சொன்னார். அவள் காலை அசைக்கிறாளா என்று மட்டும்தான் பார்த்தாராம்.

அவள் எழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம். ரத்தம் வந்தால் ஆட விடமாட்டார்கள், வெளியே அனுப்பினார்கள். முதலுதவி செய்த பெண் விளக்கை அடித்துக் கண்ணைப் பார்த்தார், கேள்விகள் கேட்டார், தலையில் அடியில்லை என்றார். கோட்டுக்கு வெளியே நின்றபடி கடைசி இருபது வினாடியைப் பார்த்தாள். பந்து கிடைக்கவில்லை. 10-12. உதைத்துத் தவறவிட்டதில் ஒன்று போயிருந்தால் சமம். அதை அவளும் சொல்லவில்லை, தோழிகளும் சொல்லவில்லை. தூக்கிப் போட்டவள் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, "சாரி கணே" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் புளியோதரையில் பாதியைச் சாப்பிட்டாள்.

உதட்டின் உள்பக்கம் இரண்டு தையல். வீட்டு வாசலில் அம்மா பார்த்தார்; பேசவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பல்லைத் தொட்டுப் பார்த்தார். "விசாவுக்குப் போட்டோ எடுத்தாச்சு. இல்லாட்டி இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் அடுப்படிக்குப் போய் அரிசிக் கஞ்சி வைத்தார். ஐந்து நாளைக்குக் காரம் கூடாது. அந்த வீட்டில் கடைசி வாரத்துக்கென்று திட்டமிட்டிருந்த மீன் குழம்பு, கோழி வறுவல் எல்லாம் மற்றவர்கள் சாப்பிட வேண்டியதாயிற்று. யாருக்கும் இறங்கவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி பெட்டி கட்டினார்கள். பெட்டிக்கு 23 கிலோ. அப்பா கம்பெனியிலிருந்து கொக்கித் தராசு கொண்டுவந்திருந்தார். சாம்பார்ப் பொடி இரண்டு கிலோ, பருப்புப் பொடி, புளி, மூன்று லிட்டர் குக்கர், கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கிய கோட்டு. பூட்ஸ் போதாத இடத்தால் வெளியே நின்றது. சேறு போகக் கழுவி, லேஸைத் தனியாகத் துவைத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து யாரோ காய வைத்திருந்தார்கள். மகள் இல்லை. அவள் அதைப் பார்த்து அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா குனிந்து குக்கரை வெளியே எடுத்தார். "இது அங்கயும் விக்கும்ல?"

எழுவர் ரக்பி பிறந்த இடம் எடின்பரோவிலிருந்து அதிக தூரமில்லை என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். மெல்ரோஸ் என்ற சிற்றூர். 1883இல் கிளப்புக்குப் பணம் திரட்ட நெட் ஹெய்க் என்ற கசாப்புக் கடைக்காரர் ஆளைக் குறைத்து ஆடலாம் என்று யோசனை சொன்னாராம். முதல் லீவில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். "படிக்கப் போறியா, ஊர் சுத்தவா?" என்றார் அப்பா. நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

அப்பாயி தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட் ஒரு பிளாஸ்டிக் உறையில் மேலே இருந்தது. அதற்குக் கீழிருந்து கறுப்புக் கம்பளி ஒன்றை எடுத்தார். கொழுந்து பறிக்கும்போது மழைக்குத் தலையோடு போட்டுக்கொள்வது. தோட்டத்தில் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்தது. ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது.

"அங்க மழை பெய்யுமாடி?"

"வருஷம் பூரா பெய்யும், அப்பாயி."

"குளிரு?"

"ரொம்ப."

"அப்ப இத வை."

கம்பளியையும் வைத்து அப்பா பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினார். 24.6 காட்டியது. மகள் கோட்டை எடுத்து வெளியே போட்டாள். அதை உடம்பில் போட்டுக்கொண்டே விமானம் ஏறலாம். மறுபடி தூக்கினார். 23.2. அம்மா சாம்பார்ப் பொடிப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கைப்பிடியை எடுத்து டப்பாவில் திரும்பக் கொட்டினார்.